இடுப்பில் வெள்ளி, தராசில் பிள்ளை

நகைக்கடையில் தராசு பிடிப்பவருக்கு மரியாதை உண்டு. பச்சைப் பிள்ளைக்குத் தராசு பிடிக்கும் மிஸ்ஸிக்கு, அதாவது தாதிக்குச் சீருடையில் ஈரமும் தாய்மாரின் முறைப்பும்தான். இதே வேலை பார்த்த சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில், மலாக்காவில் காஜா பேராங் தாய்சேய் நிலையத்தில் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் இங்கே.

குப்பைக் கூடை

தொப்புள்கொடி காய்ந்து விழுந்தால் நம்மவர்கள் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவார்கள். பயிற்சியில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது விழுந்த கொடியைப் பஞ்சோடு சேர்த்துக் கூடையில் போட்டுவிட்டேன். வீடே திரண்டு கூடையைக் கவிழ்த்துத் தேடியது. கடைசியில் கண்டெடுத்த தகப்பனார் கோபப்படாமல் சொன்னார்:

"இது குப்பை இல்ல மிஸ்ஸி, எம்மவனோட மொத சொத்து."

ஏறிய எடை

செமாபோக்கிலிருந்து பாக்கியம் வருவாள். புருஷன் லாரி ஓட்டுபவன். பிள்ளை பிறக்கும்போதே கோழிக்குஞ்சு போல இருந்தது. வாரா வாரம் எடை போடுங்கள், ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பதாம் நாள் சடங்கு முடிந்ததிலிருந்து எடை ஏற ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கன்னம் மட்டும் ஒட்டியபடியே இருந்தது.

காற்றுப் படும் என்று பிள்ளையைத் துணியோடு வைத்துவிட்டு, பிறகு துணியின் எடையைக் கழிப்பது எங்கள் வழக்கம். ஒரு நாள் அந்தத் துணியை விலக்கிப் பார்த்தேன். அரைஞாணில் கொடித் தாயத்து, அதன் பக்கத்தில் கோயில் தாயத்து, பிறகு மலாய்க்கார போமோ மந்திரித்துக் கொடுத்தது என்று வரிசையாகத் தொங்கின. பிள்ளை தேறவில்லையே என்று பாக்கியத்தின் நாத்தனார் வாரத்துக்கு ஒன்றாகக் கட்டிவிட்டிருக்கிறாள். ஏறியதெல்லாம் வெள்ளிதான். அவிழ்க்கப் போன என் கையைப் பாக்கியம் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போன மூத்தது துணி சுத்திதான் வீட்டுக்கு வந்துச்சு, மிஸ்ஸி."

அரை டம்ளர்

அரைஞாணை விட்டுவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். பத்தியச் சோறு, வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர். அதற்கு மேல் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது நாத்தனாரின் சட்டம். வீட்டில் வேறு யாரும் மூச்சு விட முடியாது. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி ஒரு வாரத் தவணை வாங்கினேன். அப்போதும் ஏறாவிட்டால் தாயும் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்று பேச்சு. வீட்டுக்கே போய், பால் ஊற வேண்டுமே என்று பாக்கியத்துக்குத் தாகம் தீரத் தண்ணீரும் மீன் ரசமும் கொடுக்கச் சொன்னேன். நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எத்தன பெத்தீங்க மிஸ்ஸி?"

வெறும் உடம்பு

அடுத்த வாரம் பாக்கியமே அரைஞாணை அவிழ்த்துவிட்டுப் பிள்ளையைத் தராசில் வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். முள் ஆடி நின்றது. ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் அத்தனையும் சதை. சொன்னேன். அவள் திரும்பவே இல்லை. தங்காத பிள்ளைக்கு எதற்கு என்று இத்தனை நாளும் ஒன்றைத் தள்ளிப் போட்டிருந்தாள் என்பது, அவள் சுவரிடம் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது:

"இனிமே பேரு வைக்கலாமா, மிஸ்ஸி?"

எத்தனையோ வருடம் முள்ளைப் பார்த்து எடை சொன்னதற்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது; அன்றைக்கு நான் ‘வைக்கலாம்’ என்றதற்கு மட்டும் எந்தச் சர்க்காருக்கும் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது.