ருசி பார்க்காமல் சமைத்தவர்

எங்கள் அண்ணா பிறந்ததும் மறைந்ததும் கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரே வீட்டில். பூர்வீகம் பாலக்காடு என்று சொல்லிக்கொள்வோமே தவிர, அவருக்குத் தெரிந்த ஊர் இதுதான். அப்பா சீக்கிரம் போய்விட்டார். படிப்பை விட்டுக் கல்யாணச் சமையலில் பாத்திரம் தேய்க்கப் போனவர், வைப்பின் தீவு முதல் கும்பளங்கி வரை பேர் சொல்லி அழைக்கப்படும் சமையல்காரரானார். தங்கையான என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கரண்டிதான்.

இத்தகைய நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அண்ணா முன்கோபி, அதையும் எழுதத்தான் வேண்டும். உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு அவர் ருசி பார்க்கும்போது கோட்டையடுப்பைச் சுற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். "போறும், இறக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

கடைசி ஆண்டுகள் கொடியவை. ஒரு முகூர்த்த மாதத்தில் அவருக்கு வலது காதில் கடும் வலி. மடலில் சிறு கொப்புளங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் மனைவி, எங்கள் மன்னி, கெஞ்சினார். அண்ணாவோ பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு காலையில் காபி வாயோரம் வழிந்தது. வலது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று அலறியடித்துக்கொண்டு ஓடினோம்.

பக்கவாதம் இல்லை என்றார் மருத்துவர். எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் பதுங்கிக் கிடந்து, இப்போது எழுந்து முகத்தை அசைக்கும் நரம்பைத் தாக்கியிருக்கிறது. நாக்கின் முன்பாகத்திலிருந்து ருசியைக் கொண்டுபோகும் இழையும் அதே நரம்போடுதான் ஓடுகிறதாம். முன்னமே வந்திருந்தால் மருந்து இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும் என்றும் சொன்னார்.

முகம் ஓரளவு திரும்பியது. நாக்கு திரும்பவில்லை. வலப்பக்கம் செத்துப்போய், இடப்பக்கத்து ருசியும் குழம்பிவிட்டது. பாயசம் கொடுத்தால், "இரும்பை நக்கினாப்பல இருக்கு" என்பார். கசப்பு மட்டும் அடிநாக்கில் சரியாகத் தெரிந்தது.

அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்தார். சாம்பாரில் உப்பு ஏறிவிட்டது. நெடுங்காலம் கூட வேலை செய்த சந்திரன் சேட்டன் அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"சாமி இவிட இரி. ஞான் நோக்கிக்கோளாம்."

தான் பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னதும் அண்ணா உட்கார்ந்துவிட்டார். கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதன்பின் அவர் எந்தப் பந்தலுக்கும் போகவில்லை. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு எலும்பும் தோலுமானார்.

அப்பாவின் திதி வந்தது. சிராத்தச் சமையலைப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அன்று அண்ணா குளித்துவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தார்.

"திதி பண்ணப்போறவர் நீங்க. அடுப்பில எதுக்கு நிக்கறேள்?" என்றார் மன்னி.

"இன்னிக்கு ஒருத்தரும் ருசி பாக்கப்படாதாக்கும். உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நகரு."

கை அளவை மறந்திருக்கவில்லை. உண்டு முடித்தவர்களிடம் முறைப்படி "திருப்தியா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்தார். "திருப்தி" என்றார்கள். சொல்லியே ஆகவேண்டிய பதில் அது, அவருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த திதி வரை அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கரண்டியைக் கொடுத்த அன்றே பாதி போய்விட்டார் என்பது என் எண்ணம்.

பொறுமையாகப் பார்த்த மருத்துவருக்கும், கரண்டியை வாங்கிய பிறகும் அண்ணாவைப் பார்க்க வருவதை நிறுத்தாத சந்திரன் சேட்டனுக்கும், கொட்டும் மழையில் வந்து தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணா போனபின் மாதாமாதம் செய்த மாசிகத் திதிகளில் ஒன்றுக்கு வந்து உண்டவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மன்னி போட்டிருப்பார் என்று நானும், நான் போட்டிருப்பேன் என்று மன்னியும் இருந்துவிட்டதில் அன்று எதிலுமே உப்பு விழவில்லை. ருசி பார்க்காததால் எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் முகம் சுளிக்காமல் உண்டு, "திருப்தி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். முதல் பிடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பை எடுக்கக் கை நீட்டினேன்.

"வேண்டாம்," என்றார் மன்னி. "அவர் இத்தனை நாளும் இப்படித்தானே சாப்ட்டார்."

பாவக்காயின் கசப்பு மட்டும் நாக்கில் தெரிந்தது. இலையில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தோம்.