நாற்றின் வயது

ஒரத்தநாட்டில் எங்கள் பக்கத்து வயல்கார அக்காவின் நடவு மெஷின் பழுதாகி நின்றுவிட்டது. கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத என்னைக் கூப்பிட்டார். கடைசி வரியில் ‘அட் யுவர் இயர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று போட்டேன். அந்தத் தொடரை இடம் தவறாமல் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

“அப்படின்னா என்னம்மா?”

“உங்களுக்கு வசதிப்பட்டதும் சீக்கிரமா ஆள் அனுப்புங்கன்னு மரியாதையா கேக்குறது, அக்கா.”

“அவங்க வசதியைப் பாத்தா ஆவுமா? நாத்துக்கு இன்னியோட பதினாலு நாள். இன்னும் நாலு நாள் போனா மெஷின் நடவுக்கு ஆவாது. அதை எழுது.”

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் என் தொடரை அழித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக் வந்துவிட்டார். மெஷினைத் திறப்பதற்கு முன், “நாத்து எங்கங்க?” என்றுதான் கேட்டார்.