வாய்வழி எதுவும் கொடுக்காதீர்

தெருவுக்கே அவள் சிஸ்டர். மருந்துக் கடைக்காரருக்கு சிஸ்டர், பால் போடுகிறவருக்கு சிஸ்டர், ஊசி ஞாபகம் வந்து அழுகிற எதிர்வீட்டுக் குழந்தைக்கும் சிஸ்டர். வீட்டுக்காரர்கூட வாக்குவாதத்தில் தோற்கும்போது "சரிங்க சிஸ்டர்" என்று கைகூப்பிவிடுவார். கட்டிய மனைவியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஆள் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்தே அவளுக்குத் தலை நரைத்தது. அவளிடம் வேலை பழகிய பெண்கள் ஒவ்வொருவராக வேறு வார்டுகளுக்குப் பொறுப்பாளர்களாகப் போய்விட்டார்கள். அவளுக்கு மட்டும் "நீங்க இல்லேன்னா இந்த வார்டு என்ன ஆகும் சிஸ்டர்?" என்ற பாராட்டு தவறாமல் கிடைத்துவந்தது. ஒரு மனுஷியை இருந்த இடத்திலேயே ஆணியடித்து வைக்க இதைவிட நல்ல பாராட்டு கிடையாது.

அப்போதுதான் மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். ஒரே ஒரு வார்டு, பத்துப் பன்னிரண்டு கட்டில்கள், முழுப் பொறுப்பும் இவளுக்கு. திங்கட்கிழமைக்குள் 'வருகிறேன்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்ல வேண்டும். மேலே போக காலையில் பஸ் உண்டு. வேலை முடிந்து இறங்கி வரத்தான் ஒன்றும் கிடையாது. குடும்பத்தோடு மேலே போய்விடலாம் என்றால் வீட்டுக்காரரின் ஜெராக்ஸ் கடை இங்கே, மாமனாரின் முழங்காலுக்கு வைத்தியம் இங்கே. கார் இருந்தால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அதற்காகவே ஒரு பழைய கார் வாங்கினார்கள். நீல நிறம், முன்கதவில் நீளமாக ஒரு கீறல், உள்ளே யாரோ வளர்த்த நாயின் வாசனை. ஓட்டுவது அவள்தான். வீட்டுக்காரர் ஒருமுறை கற்றுக்கொள்ளப் போய், முதல் நாளே பயிற்சியாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியவர். மாமனார் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இப்போது கால் ஒத்துழைக்காததால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் குறைய ஆரம்பிக்கும்வரை.

பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். என்ஜினைச் சூடாகவிடாமல் பார்த்துக்கொள்கிற பச்சை நிறக் கூலன்ட் அதில்தான் நிற்கும். காலையில் வீட்டில் பார்த்தால் விளிம்புவரை இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் திறந்து பார்த்தால் நாலு விரல் இறங்கியிருக்கிறது. டிக்கியில் இருக்கும் கேனிலிருந்து ஊற்றி நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். மறுநாளும் அதே கதை. இந்த அழகில் வண்டியை எப்படி மலைக்கு ஏற்றுவது?

தெருமுனை மெக்கானிக்குக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "பொறுமையா பார்ப்போம்" என்பார், பார்க்கவும் செய்வார். வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தார், ஒரு சொட்டு இல்லை. உள்ளே கால் மிதியடிகளைத் தூக்கிப் பார்த்தார், காய்ந்து கிடந்தன. ஆயில் சுத்தமாக இருந்தது, புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தார், அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்தவர், டப்பாவிலிருந்து கீழே இறங்குகிற சின்னக் குழாயின் நுனியைச் சுற்றிப் பச்சையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

"ஓடும்போது உள்ளயிருந்து ஏதோ தள்ளுது சிஸ்டர்," என்றார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே. "என்ஜின் மூடிக்கு அடியில இருக்கற ஹெட் கேஸ்கெட் போயிருந்தா இப்படித்தான் தள்ளும். என்ஜினைப் பிரிச்சாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"சாமான் வரணுமே. ரெண்டு வாரம் வெச்சுக்குங்க. அதுவரைக்கும் மலைப்பக்கம் போயிடாதீங்க. சூடு ஏறிச்சுன்னா என்ஜினே கைவிட்டுடும்."

அன்று வெள்ளிக்கிழமை. சிஸ்டர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். டப்பாவில் தண்ணீர் பாதிதான் இருந்தது. இனிமேல் நிரப்பி என்ன ஆகப்போகிறது என்று அப்படியே விட்டுவிட்டாள். அவள் அழுகிற ரகம் இல்லை; பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். இந்த வயதில் இப்படியொரு ஆசை எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வேலை கைநழுவுவதைவிட அந்தக் கேள்விதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

சனிக்கிழமை காலை, மனசு கேட்காமல், மறுபடியும் பானெட்டைத் திறந்தாள். டப்பாவில் விளிம்புவரை தண்ணீர் தளும்பி நின்றது.

குறைந்த தண்ணீரின் கதை இருக்கட்டும். ஏறின தண்ணீர் எங்கிருந்து வந்தது? சிஸ்டர் உள்ளே போய், ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்றை எடுத்துவந்து, டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கேனில் இருப்பது அடர்ந்த பச்சை. இதுவோ பல தடவை துவைத்த துணிமாதிரி வெளுத்துக் கிடந்தது. அவள் ஊற்றியதெல்லாம் கூலன்ட். இதில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆபரேஷனுக்குப் போக வேண்டிய நோயாளி வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும்; 'வாய்வழி எதுவும் கொடுக்காதீர்' என்று கட்டிலில் அட்டை தொங்கும். சொந்தக்காரர்களிடம் படித்துப் படித்துச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும், "பாவம், நாக்கு வறண்டு கிடக்கே" என்று யாராவது ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும். அந்தத் திருட்டு முழியை வார்டின் அந்தக் கோடியிலிருந்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

கூடத்துக்கு வந்து வார்டுக் குரலில் கேட்டாள்: "யாரு தண்ணி குடுத்தது?"

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரின் பேப்பர் இரண்டு அங்குலம் உயர்ந்தது.

"மாமா."

"நீ சாயங்காலம் வந்து குளிக்கப் போவியே, அப்ப ஒரு மக் ஊத்துவேன்," என்றார் பேப்பர் பின்னாலிருந்து. "வண்டிப் பக்கம் போய்க் குனியக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும் சட்டம் போட்டிருக்கீங்க. அதான் சொல்லல. கழுத்து வரைக்கும் தண்ணி இருக்கணும்மா. எங்க பஸ்லயெல்லாம் அப்படித்தான். வேணும்கறதை வெச்சுக்கும், வேண்டாததை வெளிய துப்பிடும்."

வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்ற வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பா, வசமா மாட்டினீங்களா!" சிரிப்பு நடுவில் சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்களுமா?"

அவர் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "விடியறதுக்கு முன்னாடி போய்ப் பார்ப்பேன். வண்டி நகரவே இல்ல, கீழ ஈரமும் இல்ல, ஆனா கொஞ்சம் இறங்கியிருக்கும். நீ பார்த்தா மனசு விட்டுடுவியேன்னு..."

"எதை ஊத்தினீங்க?"

"கடையில விக்கற பாட்டில் தண்ணி. கார் ஆச்சேன்னு நல்லதாவே வாங்கினேன்."

சிஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றாள். திட்டுவதற்கு வாய் வரை வந்த வார்த்தையை அவர் அடுத்துச் சொன்னது நிறுத்திவிட்டது. "மலையில பாதி வழியில நின்னுபோச்சுன்னா உனக்கு யார் இருக்கா? ஓடி வர எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. என்னால முடிஞ்சது ஊத்தறதுதான்."

இந்த மனுஷர் ஒரு நாளும் போகாதே என்று சொன்னதில்லை. பயத்தை இப்படித்தான் செலவழித்திருக்கிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. "முட்டாள்தனம்," என்று மெதுவாகச் சொன்னாள். அதில் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டிவந்தது. வண்டிக்குத் திரும்பிப் போய்ச் சிரிஞ்சால் இன்னும் கொஞ்சம் உறிஞ்சியதும் டப்பாவின் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் தெரிந்தன. தண்ணீர் நிற்க வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவில். வாங்கின நாளிலிருந்து எல்லோரும் விளிம்புவரை ஊற்றியதில் கோடுகளை யாரும் கவனிக்கவே இல்லை.

மெக்கானிக் பொறுமையை வரவழைத்துச் சொன்னார்கள். கேட்டுவிட்டுத் தலையிலேயே கை வைத்துக்கொண்டார்.

"சூடானா தண்ணி பெருகும் சிஸ்டர். டப்பாவுல இடம் இருந்தா அங்க போய் நிக்கும். இல்லேன்னா குழாய் வழியா ரோட்டுக்குத்தான் போகும். ஆறினதும் என்ஜின் கொஞ்சத்தைத் திருப்பி இழுத்துக்கும். நீங்க உடனே குறைஞ்சுபோச்சுன்னு ஊத்தறீங்க. ஒரு வண்டிக்கு மூணு பேர் ஊத்தறாங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"அப்ப ஹெட் கேஸ்கெட்?"

"வெளுத்த தண்ணியை மாத்திடறேன். மலை ஏறுங்க. மேல போய் நல்லா ஆறவிட்டுப் பாருங்க. கோட்டுலயே நின்னா கேஸ்கெட்டுக்கு ஒண்ணும் இல்ல. சூடு காட்டற முள் சிவப்புப் பக்கம் போனா மட்டும் அந்த இடத்துலயே நிறுத்திடுங்க."

புதுக் கூலன்ட் ஊற்றி, அது நின்ற இடத்தில் சிஸ்டர் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் கோடு போட்டாள். வீட்டுக்காரர் கடைக்குப் போய்ப் பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்துவந்து பானெட்டின் உள்பக்கம் ஒட்டினார்: வாய்வழி எதுவும் கொடுக்காதீர். மாமனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "என்னைத்தான் சொல்றான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினார்கள். வளைவுக்கு வளைவு மாமனார் பிரேக் போட்டார். வீட்டுக்காரர் பின்சீட்டிலிருந்து எட்டி எட்டிச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். அது நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. பாதி வழியில் சிஸ்டர் தன்னையறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டியை நிழலில் நிறுத்தினார்கள். ஆறின பிறகுதான் பார்க்க வேண்டும், அதுவரை யாரும் பானெட்டைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சிஸ்டர் உள்ளே போனாள்.

போனவள் வரவில்லை. ஆண்கள் இருவரும் முற்றத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல் நகர்ந்தது. மாமனார் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். ஒருவழியாக வீட்டுக்காரர் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்து, திறந்து, குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். தண்ணீர் பேனாக் கோட்டிலேயே நின்றது.

உள்ளே ஓடினார். வார்டில் ஒரு பெரியவரை முதுகில் கை கொடுத்து உட்கார வைத்துக்கொண்டிருந்தாள் சிஸ்டர். அங்கே தனியாகத் தவித்துக்கொண்டிருந்த சின்னப் பெண் நர்ஸ், இவள் சொல்லச் சொல்ல அடுத்த கட்டிலில் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிடப்பட்டிருந்தன.

"கோட்டுலயே நிக்குது!" என்றார் வாசலிலிருந்து, மூச்சு வாங்க.

சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பார்வையாளர் நேரம் முடிஞ்சாச்சு. வெளிய நில்லுங்க."

அவர் வெளியே வந்தார். என்ன என்பதுபோலப் பெஞ்சிலிருந்து பார்த்த அப்பாவிடம், முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"அவ வேலையில சேர்ந்துட்டாப்பா."