கல்லில் இல்லாத பெயர்

டண்டினொங் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம். அங்கே பாடம் நடத்திய கன்னியாஸ்திரிகளின் பெயர்களைப் பலகையில் பொறித்து மாட்டப் போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டேன். இரண்டே நாளில் பட்டியல் தயார். அவர்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், ஒரே அளவில் வரிசையாக நிற்கும் கற்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இதைவிட நம்பகமான ஆவணம் உண்டா?

பள்ளி அலுவலகத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரி அதைப் பார்த்துச் சிரித்தார். "என்ன ரீச்சர், செத்த ஆக்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்? உயிரோட ஒரு சிஸ்டர் இருக்கிறா."

"ஆமா ஆன்ட்டி, அவங்க பேரைக் கடைசியில சேர்த்துட்டேன்."

"பேரை மட்டும் சேர்த்தாக் காணுமே? போய்க் கதையுங்கோ."

போனேன். தொண்ணூறு வயது சிஸ்டர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பக்கத்து வகுப்பில் ஏழு வருடம் பாடம் நடத்திய தன் தோழி ஏன் இதில் இல்லை என்று கேட்டார்.

அந்தத் தோழி சபையை விட்டு விலகியவர். அந்தக் காலத்தில் விலகுகிறவர் யாரிடமும் விடைபெறக் கூடாதாம். ஒருநாள் காலை உணவுக்கு அவர் வரவில்லை. ஏன் என்று மற்றவர்கள் கேட்கவும் கூடாது.

"வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவள் வகுப்புப் பிள்ளைகளிடம் நான்தான் சொன்னேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்" என்றார் சிஸ்டர். "நான் இருக்கும்போதே அவள் பெயர் பலகையில் ஏற வேண்டும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைசிவரை இருந்தவர்களுக்குத்தான் அந்தத் தோட்டத்தில் இடம். நான் எழுதியது பாடம் நடத்தியவர்களின் பட்டியலே இல்லை, போகாதவர்களின் பட்டியல். எழுத்துக் கூட்டப் பழக்கியவர் பிறகு சபையை விட்டுப் போய்விட்டால், பிள்ளைகள் படித்தது அழிந்துவிடுமா என்ன?

தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார், அந்தத் தோழியின் சம்மதம் மட்டும் வேண்டும் என்றார். பழைய மாணவி ஒருவர் மூலம், அவர் பக்கத்திலேயே கேரம் டவுன்ஸில் இருப்பது தெரிந்து போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது வேறொன்று.

"நான் போனதும் என் பிள்ளைகளிடம் என்ன சொன்னார்கள்?"

சட்டென்று சொல்லிவிட வாயெடுத்தேன். ஆனால் சொல்ல வேண்டியது நானில்லையே. "சொன்னவரே இருக்கிறார். அவரிடமே கேட்கிறீர்களா?"

"வரச் சொல்லுங்கள். பெயரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்."

சிஸ்டரிடம் போய் இதைச் சொன்னேன். சனிக்கிழமை அழைத்துப் போகட்டுமா என்றேன்.

"இன்றைக்கு உன் கார் இருக்கிறதல்லவா?" என்றபடி எழுந்து கோட்டைத் தேடினார்.