அதே பத்து எச்.பி.

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் காரைக்காலில் படகுக்காரர்கள் பாரதிப்ரியாவைத்தான் தேடுவார்கள். அரசலாற்றங்கரைப் பட்டறையில் விசைப்படகுகளைச் சரிவில் இழுத்து ஏற்றும் வின்ச் அவள் பொறுப்பு. எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள்; கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். புருஷன் மணிவேலுக்கும் அங்கேதான் வேலை. அவள் சுவிட்சை அழுத்த, அவன் படகுக்கு அடியில் நின்று, படகைத் தாங்கும் வண்டியின் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான்.

வின்ச்சின் பழைய மோட்டார் எரிந்துபோனதால் போன வாரம் அவளே போய்ப் புதுசு வாங்கி வந்தாள். எத்தனை எச்.பி. என்பதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அதே பத்து. உருவம் சின்னதாக இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டார்கள். அவளும்தான். படித்த புத்தி அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ!

முதலில் ஏறியது பஞ்சநாதனின் படகு. பாதிச் சரிவில் முழுப் பாரமும் கம்பியில் விழுந்ததும் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. படகு ஒரு முழம் பின்னுக்கு நழுவியது. பதறிப்போய்ச் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள், பிரேக் பிடித்தது. கீழே மணிவேலின் கட்டை சேற்றில் புதைந்துவிட, அவன் குனிந்து துழாவிக்கொண்டிருந்தான்.

தன் படகு அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துப் பஞ்சநாதனுக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். அவள் கண் மோட்டார் தகட்டில் நின்றது. ஏழரை கிலோவாட், நிமிஷத்துக்கு 2880 சுற்று. பழையது 1440. கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கிச் சுற்றால் வகுத்தால் முறுக்கு விசை. பழையதற்கு ஐம்பது நியூட்டன் மீட்டர், இதற்கு இருபத்தைந்து. வேகம் இரண்டு மடங்கு, இழுக்கும் பலம் பாதி. சுவிட்சைத் தொட்டால் பிரேக் விடும். மோட்டார் தாங்காது. படகு மணிவேல் மேல்தான் இறங்கும்.

பஞ்சநாதன் தானே கையை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் சுவிட்சை மூடிக்கொண்டாள்.

"தொடாதீங்கண்ணே. தப்பு என்னுது. அவரு அடியில இருக்காரு."

மெயினை அணைத்துவிட்டு, கட்டை கொடுத்ததும் மேலே வந்துவிடும்படி மணிவேலுக்குக் குரல் கொடுத்தாள். அவன் கட்டையைத் தேடி எடுத்துச் சக்கரத்தில் அடித்து இறுக்கி, வெளியே வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. பிறகு வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, கம்பியை அதன் வழியே இரட்டையாக மடித்துக் கட்டினார்கள். மோட்டாருக்குப் பாரம் பாதியானது, வேகமும் பாதியானது. படகு பழைய மோட்டாரின் வேகத்திலேயே மேலே ஏறியது.

அடுத்ததாகப் பதினைந்து எச்.பி. வாங்கிவிடலாமா என்று பஞ்சநாதன் கேட்டார். அவள் மணிவேலின் சேறு படிந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தே போதும்ணே. மெதுவா சுத்துறதா வாங்கணும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.