சுவர் தாண்டிய கரண்ட்

போன வாரம் பங்குனித் தேர் பார்க்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். தேர் பார்த்தேனா? பாதிதான். மீதி நேரம் ஒரு வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

தங்கியது கல்லூரித் தோழி அமுதா வீட்டில். ராஜ வீதியில், தெரு திரும்புகிற மூலையில் இருக்கிறது. டெல்லியிலிருந்து அவள் மாப்பிள்ளை பிரபுவும் வந்திருந்தார். அவருக்கு என்ன வேலை தெரியுமா? கரண்ட் வாங்கி விற்பது! காய்கறி மாதிரியா என்று கேட்டேன்.

“கிட்டத்தட்ட அப்படித்தான் ஆன்ட்டி. நாளைக்கு வேண்டிய கரண்டுக்கு இன்னிக்கே ஏலம். மழைக்காலத்துல நேபாளம், பூடான்ல ஆறெல்லாம் பொங்கும். அவங்களுக்குப் போக மிச்சம் இங்க வரும். குளிர்காலத்துல அங்க தண்ணி கொறைஞ்சிடும், நாம குடுப்போம். நேபாளத்துக் கரண்ட் நம்ம கம்பி வழியா பங்களாதேஷுக்கே போவுது!”

இமயமலையில் உருகிய தண்ணீர், இரண்டு எல்லை தாண்டி, யாரோ ஒருவர் வீட்டில் மின்விசிறியாகச் சுற்றுகிறதா?

“வெயிலும் காத்தும் நாம கேக்கற நேரத்துக்கா வருது? ஒரு ஊர்ல வீணாப் போவும், இன்னொரு ஊர்ல பத்தாது. எல்லா நாட்டு மார்க்கெட்டையும் கோத்துட்டா கரி எரிக்கறது கொறையும். கம்பி இழுக்கறதுகூட சுலபம் ஆன்ட்டி... பக்கத்து நாட்டை நம்பறதுதான் கஷ்டம்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யாரும் பதறவில்லை. தேர் வருகிற தெருவில் மட்டும் லைனை நிறுத்துவார்கள். தேர் திரும்பியதும் அந்தத் தெருவுக்கு வந்துவிடும், அடுத்த தெருவில் போகும். ஊருக்கே பழக்கமான கணக்கு.

ஆனால் அமுதாவின் கணவர் குமரேசன் ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார். அதற்காகவே வாங்கிய இன்வெர்ட்டரில், தேருக்கு வந்த சொந்தபந்தம் ஃபேன், டிவி, மிக்ஸி எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறது. வாசலிலோ தேர் அசையாமல் நின்றுவிட்டது. முட்டுக்கட்டை போடுகிறார்கள், எடுக்கிறார்கள்... நகரவில்லை. சார்ஜ் தீர்ந்து இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது. வெளியே ஜனக்கடல். ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

“பின்னாடி வீட்ல கரண்ட் இருக்குதே!” என்றார் பிரபு.

அமுதா முகம் இறுகியது. பின்வீட்டு வாசல் அடுத்த வீதியில், அங்கே லைன் இன்னும் நிற்கவில்லை. ஆனால் நடுவில் இருக்கும் சுவர் யாருடையது என்று கோர்ட்டில் கேஸ். அந்த வீட்டு சரளாவோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது.

“நான் போய்க் கேக்கட்டா அத்தை?”

“வேணாம் மாப்பிள்ளை. நான் கேட்டாதான் சரியா இருக்கும்.”

கொல்லைச் சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறினாள். தொண்டையைச் செருமினாள். உள்ளே குமரேசனுக்கு மூச்சு இழுக்கிறது...

“சரளா...”

அவ்வளவுதான் சொன்னாள். சுவருக்கு மேலே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று எட்டிப் பார்த்தது!

“இந்தா புடி! தேர் நின்னதுமே சொருகி வெச்சிட்டேன். நீ கூப்புடுவேன்னு பாத்துக்கினே நிக்கிறேன்.”

மெஷின் மறுபடி சீராக ஓடியது. குமரேசன் கண்ணை மூடி நன்றாக மூச்சு விட்டார். நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று எனக்குச் சாமி தரிசனம் கொல்லைப்புறத்தில்தான் கிடைத்தது.

ஒருவழியாகத் தேர் அசைந்து மூலை திரும்பியது. எங்களுக்குக் கரண்ட் வந்தது, சரளா வீட்டில் போனது. உடனே அங்கிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை. பிரசவத்துக்கு வந்த மகளின் பிள்ளையாம். பங்குனி வெயில் கேட்கவா வேண்டும்?

இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. அமுதாவே ஓடினாள். அதே வயரைத் திருப்பி, பிளக் இந்தப் பக்கம், பாக்ஸ் அந்தப் பக்கம் என்று போட்டாள். பிரபு அசந்துபோய் நின்றார். பிழைப்பாக அவர் தினமும் செய்கிற காரியம்... கண் எதிரே, பத்தடி வயரில்!

வாங்கிக்கொண்ட சரளா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: “கேஸ் கேஸ்தான், சொல்லிட்டேன்!”

“ஆமாமா, அது தனி. கொழந்தைக்கு ஃபேன் சுத்துதா?”