சத்தமில்லாமல் அனுப்பிய செய்தி

பத்திரிகையின் கிளை அலுவலகத்தில் அவளுக்கு 'உஷ் அக்கா' என்று பெயர். நிருபர் எழுதித் தருவதைக் கணினியில் தட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் கீச்சென்று ஒலி கேட்டதும், ரிசீவரை மோடத்தின் இரண்டு ரப்பர் குழிகளில் அழுத்தி வைப்பாள். எழுத்தெல்லாம் ஒலியாக மாறிக் கம்பி வழியே போகும். பக்கத்தில் யாராவது தும்மினால் அதுவும் உள்ளே புகுந்து எழுத்தைக் குதறிவிடும்.

"அக்கா இருக்கிற இடத்துல கொசுகூட வாயப் பொத்திக்கிட்டுதான் பறக்கும்" என்பார் நிருபர்.

அன்று சாயங்காலம் அவர் கேலி பேசவில்லை. ஊர்க்கோடியில் இருந்த சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. இறைக்கும் பம்பு முந்தின நாளே நின்றுபோயிருந்தது. தெரிந்தும் நிர்வாகம் ஆட்களைக் கீழே இறக்கியிருக்கிறது. போனவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவன்.

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் போன்லயே வாசிச்சுடுறேன்."

"வாசிச்சா பாதியத்தான் எழுதிப்பாங்க. பம்பு விஷயம் ஒரு எழுத்து விடாம போகணும் சார்."

தட்டி முடித்து ரிசீவரைக் குழியில் வைத்தாள். பாதி போயிருக்கும். அண்ணி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"அவர மேல கொண்டு வந்துட்டாங்கடி! உடம்பு சில்லுன்னு கெடக்குடி!"

அந்தக் கூச்சலும் ரிசீவருக்குள் புகுந்தது. மறுமுனையிலிருந்து திரும்பி வந்த எழுத்துகள் திரையில் கன்னாபின்னாவென்று ஓடின. எழுந்து அண்ணியின் வாயைப் பொத்தினாள். அப்படியே வெளியே தள்ளித் தாழ் போட்டாள். மறுபடி எண்ணைச் சுழற்றி முதலிலிருந்து அனுப்பினாள். கதவுக்கு அப்பால் ஓலம் கேட்டது. நாற்காலி மெத்தையை ரிசீவர்மேல் கவிழ்த்து, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். நிருபர் சுவரைப் பார்த்து நின்றார்.

கதவைத் திறந்தபோது வெளியே யாரும் இல்லை.

மறுநாள் செய்தி முழுசாக வந்தது. நிர்வாகத்தால் மழுப்ப முடியவில்லை. மேலாளரைக் கைது செய்தார்கள். ஆனால் அடக்கத்தில் அண்ணி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "கூடப் பொறந்தவன் செத்ததுக்கு என்னை அழக்கூட விடலையே இவ. மூஞ்சியில கதவச் சாத்துனாளே!"

அவள் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். யாரும் காது கொடுக்கவில்லை.

பல வருடம் கழித்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அலுவலகத்தில் எல்லோருடைய மேசையிலும் அண்ணி வைத்துவிட்டுப் போன அழைப்பிதழ் இருந்தது, அவளுடையதைத் தவிர.